இத்தாலியில் ஆசிரியர் வேலை: சம்பளத்தையும் செலவையும் எடைபோடும் முறை

இத்தாலியப் பள்ளி ஒன்றிலிருந்து மாதம் 1,500 யூரோ என்று கடிதம் வந்தால், சென்னையில் உள்ள ஆசிரியர் எவரும் முதலில் செய்வது அதை நூறால் பெருக்கிப் பார்ப்பதுதான். ஒன்றரை லட்சம் ரூபாய் என்ற தொகை கண்முன் வந்து நின்றுவிட்டால், அதன் பிறகு கடிதத்தில் உள்ள மற்ற வரிகளை நிதானமாகப் படிக்க மனம் ஒப்பாது. ஆனால் அந்த மற்ற வரிகளில்தான் உண்மையான சம்பளம் இருக்கிறது. பிடித்தங்கள் போக 12 மாதங்களில் கைக்கு வந்து சேரும் மொத்தத் தொகை எவ்வளவு என்பதை முதலில் கண்டறிய வேண்டும். அதை அந்த ஊரின் வாடகையோடும் அன்றாடச் செலவோடும் யூரோவிலேயே ஒப்பிட வேண்டும். எல்லாம் போக மிச்சப்படும் தொகையை மட்டுமே ரூபாயாக மாற்ற வேண்டும். இந்த வரிசை மாறினால் கணக்கு முழுவதும் பிழையாகிவிடும்.

கடிதத்தில் உள்ள தொகையும் கைக்கு வரும் தொகையும்

இத்தாலியில் பிடித்தத்துக்கு முந்தைய சம்பளத்தை லோர்தோ என்றும், கைக்கு வருவதை நெத்தோ என்றும் குறிப்பிடுவார்கள். கடிதங்களில் பெரும்பாலும் லோர்தோதான் இருக்கும். அதுவும் பல வேளைகளில் ஆண்டுத் தொகையாக இருக்கும். ஆண்டுத் தொகை எனில் அதைப் பன்னிரண்டால் வகுக்கக் கூடாது. ஊழியர்களுக்கு டிசம்பரில் பதின்மூன்றாவது சம்பளம் ஒன்று உண்டு என்பதால், பதின்மூன்றால் வகுத்தால்தான் மாதச் சம்பளம் சரியாக வரும்.

லோர்தோவிலிருந்து முதலில் சமூகக் காப்பீட்டுக்கு, பொதுவாக 9 விழுக்காட்டுக்குச் சற்று மேல், பிடிக்கப்படும். மீதியின் மேல் வருமான வரி வரும். ஆண்டுக்கு 28,000 யூரோ வரையிலான வருமானத்துக்கு அது 23 விழுக்காடு. ஊழியர்களுக்கென உள்ள வரிக்கழிவு இதில் கணிசமான பகுதியைத் திருப்பித் தந்துவிடும். பின்னர் மாநிலமும் நகராட்சியும் தத்தம் பங்குக்குச் சிறு கூடுதல் வரி வசூலிக்கும். இவையெல்லாம் போக 1,500 யூரோ லோர்தோ என்பது ஏறக்குறைய 1,250 யூரோ நெத்தோவாக வந்து நிற்கும். ஊரையும் குடும்ப நிலையையும் பொறுத்துச் சில பத்து யூரோ கூடலாம், குறையலாம்.

இனி மாதங்களைக் கவனிக்க வேண்டும். தனியார் மொழிப் பள்ளிகளின் ஒப்பந்தம் பெரும்பாலும் அக்டோபரில் தொடங்கி மே மாத இறுதியிலோ ஜூனிலோ முடிந்துவிடும். ஜூலையில் வகுப்பு குறையும். ஆகஸ்டில் நாடே விடுமுறையில் இருக்கும். ஆகவே 9 மாத ஒப்பந்தம் என்று வைத்துக்கொண்டால், 1,250 வீதம் 11,250 யூரோ, பதின்மூன்றாவது சம்பளத்தில் 9 மாதத்துக்குரிய பங்காகச் சுமார் 940 யூரோ, ஆக மொத்தம் 12,190 யூரோ. இதை 12 மாதங்களுக்குப் பரப்பினால் மாதத்துக்கு 1,015 யூரோதான் வருகிறது. ஒன்றரை லட்சமாகத் தெரிந்த சம்பளம், வாடகை கொடுப்பதற்கு முன்பே ஒரு லட்சத்துக்கு வந்துவிட்டது.

இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். வேலை முடியும்போது பணிக்கொடை போன்ற ஒரு தொகை சட்டப்படி உண்டு. ஓராண்டுச் சம்பளத்தை 13.5 ஆல் வகுத்தால் அது கிடைக்கும். மேற்சொன்ன ஒப்பந்தத்துக்கு அது வரிக்கு முன் ஏறக்குறைய ஆயிரம் யூரோ. ஒப்பந்தக் காலம் முடிந்து வேலை இழந்தவர்களுக்கு நாஸ்பி எனப்படும் வேலையின்மை உதவித்தொகையும் கிடைக்கும். கடந்த நான்காண்டுகளில் குறைந்தது 13 வாரச் சந்தா கட்டியிருக்க வேண்டும். கட்டிய வாரங்களில் பாதிக் காலத்துக்கு, சராசரிச் சம்பளத்தில் 75 விழுக்காட்டை ஒட்டிய தொகை தொடக்கத்தில் வழங்கப்படும். தாமாக ராஜினாமா செய்தவருக்கு இது கிடைக்காது என்பதால், ஒப்பந்தம் முடிய இரண்டு வாரம் இருக்கும்போது அவசரப்பட்டு விலகல் கடிதம் கொடுத்துவிடக் கூடாது. முதலாண்டுக் கணக்கில் இவ்விரண்டையும் வரவாக எழுதாமல், வந்தால் கைக்காவல் என்று ஒதுக்கி வைப்பதே சரி.

இத்தாலியில் நாடு முழுவதற்குமான சட்டபூர்வக் குறைந்தபட்ச ஊதியம் கிடையாது. ஒவ்வொரு துறைக்கும் தொழிற்சங்கங்களும் முதலாளிகள் சங்கங்களும் செய்துகொள்ளும் கூட்டு ஒப்பந்தமே அடித்தளம்; தனியார் பள்ளிகளுக்கு அனின்செய், கத்தோலிக்கப் பள்ளிகளுக்கு அஜிதாயே என்ற சங்கங்களின் ஒப்பந்தங்கள் பரவலாக உள்ளன. எந்தக் கூட்டு ஒப்பந்தம், அதில் எந்த நிலை என்று பள்ளியிடம் கேட்டால், ஒழுங்கான பள்ளி ஒரே வரியில் பதில் தரும். பதில் வராமல் இழுத்தடித்தால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

மணிக்கணக்கில் சம்பளம் என்றால்

மாதச் சம்பளம் இல்லாமல் மணிக்கு 15 யூரோ என்று வரும் கடிதங்கள்தான் அதிகக் கவனத்துக்கு உரியவை. மொழிப் பள்ளிகள் பல, தம் ஆசிரியர்களை நிறுவனங்களுக்கு அனுப்பி ஊழியர்களுக்கு வகுப்பெடுக்க வைக்கின்றன. மிலான் நகரின் நடுவிலிருந்து புறநகர்த் தொழிற்பேட்டை ஒன்றுக்கு, போக 50 நிமிடம், வர 50 நிமிடம். வகுப்பு ஒன்றரை மணி நேரம். அதற்கான தயாரிப்பு அரை மணி நேரம். மொத்தம் 3 மணி 40 நிமிடம் உழைத்ததற்குக் கிடைப்பது 22.50 யூரோ, அதாவது மணிக்கு 6 யூரோவைச் சற்றே தாண்டுகிறது, அதுவும் வரிக்கு முன். பயணச் செலவைப் பள்ளி கொடுக்காவிட்டால் இன்னும் குறையும். வாரத்துக்கு 25 மணி என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும், அது உத்தரவாதமான நேரமா, அல்லது மாணவர் வந்தால் மட்டும் கிடைக்கும் நேரமா என்பதை எழுத்தில் வாங்க வேண்டும். கடைசி நேரத்தில் மாணவர் ரத்து செய்த வகுப்புக்குச் சம்பளம் உண்டா என்பது அடுத்த கேள்வி. கிறிஸ்துமஸ் சமயத்தில் ஏறக்குறைய இரண்டு வாரம், ஈஸ்டரில் சில நாள் என்று பள்ளி மூடியிருக்கும்போது மணிக்கணக்கு ஆசிரியருக்கு வரவே இல்லாமல் போகலாம். பதின்மூன்றாவது சம்பளமும் பணிக்கொடையும் மணிக்கூலியிலேயே அடங்கிவிட்டன என்று சிறிய எழுத்தில் எழுதியிருக்கும் ஒப்பந்தங்களும் உண்டு.

சில பள்ளிகள் ஆசிரியரையே சுயதொழில் எண் எடுத்துக்கொள்ளச் சொல்லும். அதற்குப் பர்த்தீத்தா இவா என்று பெயர். ஆண்டு வரவு 85,000 யூரோவுக்குள் இருப்போருக்கு எளிய வரித் திட்டம் ஒன்று இருக்கிறது: வரவில் 78 விழுக்காட்டை வருமானமாகக் கொண்டு, அதற்கு 15 விழுக்காடு, புதிதாகத் தொடங்குவோருக்கு நிபந்தனைகளுக்கு உட்பட்டு முதல் ஐந்தாண்டு 5 விழுக்காடு. வரி குறைவுதான், ஆனால் சமூகக் காப்பீட்டுச் சந்தா 26 விழுக்காடு முழுவதும் ஆசிரியர் தலையில் விழும். விடுப்புச் சம்பளமும் பதின்மூன்றாவது சம்பளமும் கிடையாது. கணக்கருக்கும் ஆண்டுதோறும் கட்டணம் கொடுக்க வேண்டும். 20,000 யூரோ சம்பாதித்தால் முதலாண்டுகளில் கையில் 15,000-ஐ ஒட்டி நிற்கும். மாதச் சம்பள வேலையோடு ஒப்பிடும்போது மணிக்கூலி குறைந்தது மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக இல்லாவிட்டால் இதை ஏற்பதில் பொருளில்லை என்பது என் கருத்து. தவிரவும், சென்னையிலிருந்து புதிதாகச் செல்பவருக்குச் சுயதொழில் விசா கிடைப்பது மிக அரிது. அங்கே ஏற்கெனவே வசிப்பவருக்குத்தான் இது நடைமுறைக்கு வரும்.

இந்தியக் கடவுச்சீட்டோடு எந்தக் கதவு திறக்கும்

சம்பளம் எவ்வளவு என்று கேட்கும் முன்பே, அந்த வேலை நமக்குச் சட்டப்படி கிடைக்குமா என்று பார்ப்பது நல்லது. ஆங்கிலம் கற்பிக்கும் சிறு மொழிப் பள்ளிகள் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவரையும், முடிந்தால் ஐரோப்பிய ஒன்றியக் குடியுரிமை உள்ளவரையும் தேடுகின்றன. விசாவுக்காக அலைய அவற்றுக்கு நேரமும் இல்லை, விருப்பமும் இல்லை. அரசுப் பள்ளி ஆசிரியர் தேர்வு ஒன்றியக் குடிமக்களுக்கும், அவர்களுடைய குடும்பத்தாருக்கும், நீண்டகால வசிப்பு அனுமதி பெற்றவர்கள் முதலியோருக்கும் உரியது. புதிதாகப் போகிறவர் அதைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை.

சென்னை ஆசிரியருக்கு உண்மையான வாய்ப்பு சர்வதேசப் பள்ளிகளில்தான் இருக்கிறது. ஐபி, கேம்பிரிட்ஜ் பாடத்திட்டப் பள்ளிகள் சென்னையிலேயே பல இருப்பதால், அவற்றில் கணிதமோ இயற்பியலோ சில ஆண்டுகள் கற்பித்தவருக்கு அந்த அனுபவமே பெரிய பலம். இப்பள்ளிகளில் ஆண்டுக்கு 28,000 முதல் 40,000 யூரோ வரை லோர்தோ பேசப்படுவது வழக்கம். 32,000 என்று கொண்டால், கைக்கு மாதம் 1,800-ஐ ஒட்டி 13 முறை வரும். பட்டதாரிகளுக்கான ஐரோப்பிய நீல அட்டை என்ற வழியில், சம்பளம் அதற்குரிய வரம்பைத் தொடுமானால், வெளிநாட்டுப் பணியாளர்களுக்கான ஆண்டு ஒதுக்கீட்டுக்கு வெளியே நுழைய முடியும்.

கல்லூரிப் பேராசிரியர்களுக்கு ஒரு தனிச் சலுகை உண்டு. வெளிநாட்டில் தொடர்ந்து இரண்டாண்டாவது பல்கலைக்கழகத்திலோ ஆய்வு மையத்திலோ கற்பித்தோ ஆய்வு செய்தோ இருந்தவர், இத்தாலியில் அதே வகைப் பணிக்கு வந்து அங்கே வரி வசிப்பாளராக ஆனால், அவருடைய பணி வருமானத்தில் 90 விழுக்காட்டுக்கு வருமான வரி இல்லை. தொடக்கத்தில் இது ஆறாண்டுக்குச் செல்லும். அத்தகையவர் லோர்தோவை நெத்தோவாக மாற்றும் கணக்கே வேறு. பல்கலைக்கழகப் பணிக்கான நுழைவும் ஒதுக்கீட்டுக்கு வெளியே வரும்.

ஒதுக்கீடு என்பது இத்தாலிய அரசு ஆணையிட்டு அறிவிக்கும் எண்ணிக்கை. அது பெரும்பாலும் விவசாயம், சுற்றுலா, கட்டுமானம், வீட்டுப் பராமரிப்பு ஆகியவற்றைச் சார்ந்தது. ஆகவே ஆசிரியர் வேலைக்குப் பருவகால விசா வாங்கித் தருகிறேன் என்று யாராவது இரண்டு மூன்று லட்சம் கேட்டால், அவர் எந்த அலுவலகத்தில் எவ்வளவு நல்ல நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் எழுந்து வந்துவிடலாம். வேலை அனுமதியான நுல்லா ஓஸ்தாவுக்கு இத்தாலியில் உள்ள முதலாளிதான் விண்ணப்பிக்க வேண்டும்.

ஊரும் வாடகையும்

இத்தாலியில் ஒரே சம்பளத்துக்கு இரண்டு ஊர்களில் இரண்டு வாழ்க்கை. பகிர்வு வீட்டில் ஒருவருக்கான தனி அறை மிலானில் 600 முதல் 700 யூரோ. ரோமிலும் பொலோனியாவிலும் 500 முதல் 600. துரினிலும் நேபிள்ஸிலும் 400-ஐ ஒட்டி. பலெர்மோவில் 300-ஐ ஒட்டி. இதற்கு மேல் மின்சாரம், எரிவாயு, குடியிருப்புப் பராமரிப்பு ஆகியவற்றில் தலைக்கு 60, 70 யூரோ வரும். விளம்பரத்தில் உள்ள வாடகையில் இவை அடங்குமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். குளிர்காலச் சூடேற்றலுக்கு ஊர்வாரியாகச் சட்டமே காலவரையறை வகுத்திருக்கிறது. மிலான், துரின், பொலோனியாவில் அக்டோபர் 15 முதல் ஏப்ரல் 15 வரை. நேபிள்ஸில் நவம்பர் 15 முதல் மார்ச் 31 வரை. வடக்கே போகப் போக எரிவாயுக் கட்டணமும் கம்பளி உடைச் செலவும் ஏறும். மார்கழிக் குளிருக்கே போர்வை தேடும் சென்னைவாசிக்கு இது சிறிய செலவாக இருக்காது.

துரினில் 9 மாத ஒப்பந்தத்தோடு இருப்பவரை எடுத்துக்கொள்வோம். அறை 400, வீட்டுக் கட்டணங்கள் 70, உணவு 220, பேருந்து மாத அட்டை சுமார் 40, கைபேசி 10, உடை மருந்து போன்ற மற்றவை 120. ஆக 860 யூரோ. பரப்பிய வரவு 1,015 என்பதால் மாதம் 155 மிஞ்சும். அதே ஒப்பந்தம் மிலானில் என்றால், அறை 650, வீட்டுக் கட்டணங்கள் 70, உணவு 250, மாத அட்டை 39, கைபேசி 10, மற்றவை 150. ஆக 1,169 யூரோ. மாதம் 154 யூரோ துண்டு விழும். மிலானில் ஐம்பது, நூறு யூரோ கூடுதலாகத் தருவதாலேயே அது மேலான வேலை என்று எண்ணிவிடக் கூடாது. சர்வதேசப் பள்ளிச் சம்பளம் உள்ளவருக்கு, அதே மிலான் அறையில் இருந்தால் மாதம் 700 யூரோவுக்கு மேல் மிஞ்சும்; தனி வீடு எடுத்தால் வாடகையே ஆயிரத்தைத் தாண்டும் என்பதால் மிச்சத்தில் பாதி போய்விடும். ஒருவர் சம்பளத்தில் குடும்பம் முழுவதும் மிலானில் வாழ்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

உணவுச் செலவு சமைப்பவர் கையில் இருக்கிறது. பாஸ்தா, தக்காளி, பருவக் காய்கறி மலிவு. பொன்னி அரிசி, துவரம் பருப்பு, புளி எல்லாம் கப்பல் வாடகையையும் சேர்த்து விற்கப்படும். ரோமில் பியாத்ஸா வித்தோரியோவை ஒட்டிய எஸ்குயிலினோ சந்தையில் தெற்காசியப் பொருள்கள் கிடைக்கும். பலெர்மோவில் ஈழத் தமிழர் பலர் குடியிருப்பதால் கறிவேப்பிலைக்குக் கவலையில்லை. காபியை நின்றுகொண்டே குடித்தால் ஒரு யூரோவுக்குச் சற்று மேல். அதே கடையில் மேசையில் உட்கார்ந்தால் விலை கூடும் என்பதைப் புதிதாக வந்தவர் எல்லாரும் ரசீதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார்கள். மருத்துவத்தில் நிம்மதி உண்டு: வேலை அனுமதியோடு இருப்பவர் பொதுச் சுகாதாரத் திட்டத்தில் தனிச் சந்தா இல்லாமல் சேரலாம்.

கையில் கொண்டுபோக வேண்டிய பணம்

அக்டோபரில் சேர்ந்தால் முதல் சம்பளம் பெரும்பாலும் நவம்பரில்தான் வரும். அதற்கு முன்பே பெரிய செலவுகள் வரிசையாக வந்துவிடும். பட்டச் சான்றிதழ்களுக்குத் தமிழ்நாடு அரசின் சான்றொப்பம், வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில், பக்கக் கணக்கில் இத்தாலிய மொழிபெயர்ப்பு ஆகியவை முதலில். வேலை விசாவுக்கு 116 யூரோவும் விசா விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணமும். இத்தாலியில் இறங்கிய 8 வேலைநாள்களுக்குள் அஞ்சலகம் வழியாக வசிப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஓராண்டு வரையிலான அனுமதிக்கு எல்லாம் சேர்த்து அதுவும் 116 யூரோவைத் தொடும்.

வாடகை முன்பணம் சட்டப்படி மூன்று மாதத்துக்கு மேல் கேட்கக் கூடாது. தமிழ்நாட்டிலும் 2017 வாடகைச் சட்டம் அதே வரம்பைத்தான் விதிக்கிறது. பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகிய சென்னைக்காரருக்கு இது சலுகையாகவே தோன்றும். ஆனால் முகவர் வழியாக வீடு எடுத்தால் ஏறக்குறைய ஒரு மாத வாடகையும், அதன் மேல் 22 விழுக்காடு வரியும் கொடுக்க வேண்டும். 400 யூரோ அறைக்கே முதல் வாடகை, இரண்டு மாத முன்பணம், முகவர் கட்டணம் சேர்த்து 1,700 யூரோ ஆகிவிடும். விமானக் கட்டணம், இரண்டு மாதச் சாப்பாடு, குளிருடை ஆகியவற்றையும் கூட்டினால், 3,500 யூரோவுக்குக் குறையாமல் கையில் வைத்துக்கொண்டு கிளம்புவதே பாதுகாப்பு. மாதம் 155 யூரோ மிச்சப்படுபவர் இந்தத் தொகையை மீட்க இரண்டாண்டு ஆகிறது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். வட்டிக்கு வாங்கிய பணம் என்றால் இன்னும் நீளும்.

சென்னைப் பக்கத்துக் கணக்கு

மாதம் 70,000 ரூபாய் வாங்கிக்கொண்டு முகப்பேரில் 18,000 வாடகையில் இருந்து, மாதம் 25,000 சேமிக்கும் ஓர் ஆசிரியர், துரினுக்குப் போய் 15,500 சேமிப்பதற்குச் சமமான நிலைக்கு வருகிறார் என்றால், அவர் பணத்துக்காகப் போகவில்லை என்பது தெளிவு. அனுபவத்துக்காக, அடுத்த வேலைக்கான படியாக, ஊர் பார்ப்பதற்காகப் போகலாம். அப்படியானால் அந்த விலையைத் தெரிந்தே கொடுக்க வேண்டும். வீட்டுக்கடன் தவணை, பெற்றோரின் மருத்துவக் காப்பீடு போன்றவை அவர் போன பிறகும் ரூபாயில் ஓடிக்கொண்டிருக்கும். மாதம் 20,000 ரூபாய்த் தவணை என்பது 200 யூரோ. மேலே கண்ட துரின் மிச்சத்தை அது முழுவதும் விழுங்கிவிடும்.

தற்போதைய பள்ளியில் ஐந்தாண்டு நிறையச் சில மாதங்களே இருந்தால், பணிக்கொடை உரிமை கைவிட்டுப் போகாமல் நாளைக் கணக்கிட்டு விலகுவது நல்லது. கிளம்பும் தேதிக்கும் வரிக்கும்கூடத் தொடர்பு இருக்கிறது. வெளிநாட்டு வேலைக்காகப் புறப்படும் இந்தியக் குடிமகன், அந்த நிதியாண்டில் இந்தியாவில் 182 நாளுக்குக் குறைவாக இருந்தால், அந்த ஆண்டுக்கு வசிக்காதவராகக் கருதப்படுவார். அவருடைய இத்தாலியச் சம்பளத்துக்கு இங்கே வரி வராது. ஏப்ரல் முதல் நாளிலிருந்து எண்ணினால் இந்த எல்லை செப்டம்பர் இறுதியில் முடிகிறது. அக்டோபர் இரண்டாம் வாரத்தில் விமானம் ஏறுபவர், மார்ச் வரையிலான இத்தாலியச் சம்பளத்தை இங்கும் காட்டி, அங்கே கட்டிய வரிக்கு இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தத்தின்படி கழிவு கேட்க வேண்டிவரும். ஆகவே விசா கைக்கு வந்திருந்தால், பள்ளி அக்டோபரில் சேரச் சொன்னாலும் செப்டம்பர் மூன்றாம் வாரத்துக்கே பயணச்சீட்டு எடுத்துவிடலாம். அறை தேடவும் அந்த இடைவெளி உதவும்.